புரண்டு படுத்தால் தலைசுற்றல்: காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

வயது 29. வலது பக்கம் புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். இந்த வயதில் வருமா?

வரும். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம் என்றாலும் இளைஞர்களும் வருகிறார்கள். உள்காதில் ஒரு சிறு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்புறக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலை அசைந்து நின்ற பிறகும் துகள்கள் நகர்ந்து அங்குள்ள திரவத்தைத் தள்ளுவதால், இன்னும் சுற்றுவதாகவே மூளைக்குத் தகவல் போகிறது.

இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டதா, ஒற்றைத் தலைவலி உண்டா என்பதைத்தான். அப்புறம் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை: தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்விழி துடிக்கிறதா என்று பார்ப்போம். எந்தக் காது என்று அதில் தெரிந்துவிடும். பின்புறக் குழாய் என்றால் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் வெளியிட்ட முறை இருக்கிறது. தலையை வரிசையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வைத்துத் துகள்களை உள்காதின் அந்தச் சிறு பைக்குள்ளேயே திருப்பி அனுப்புவோம். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும்.

மூன்று மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறேன்...

மாத்திரை துகளை நகர்த்தாது. வாந்தி அதிகமிருக்கும் ஓரிரு நாளுக்குச் சரி. சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கம்கூட வரலாம். எழுதித் தந்தவரிடம் இன்றே பேசுங்கள்.

எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது.

இது காதுப் பிரச்சினை போலத் தெரியவில்லை. ரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் பாருங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்மானம் என்றார்கள். காலர் போட்டதும் குறைந்ததே?

காலர் போட்டால் தலை அசையாது, அதனால் துகளும் அசையாது. தவிர, துகளால் வரும் இந்தத் தலைசுற்றல் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். பெயர் காலருக்குப் போய்விடுகிறது. வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்தால் வரும் தலைசுற்றலே இல்லை என்கிறீர்களா?

இல்லை என்று சொல்லவில்லை. மற்றவற்றை விலக்கிவிட்டுக் கடைசியில் வரவேண்டிய முடிவு அது. புரளும்போது சில வினாடி சுற்றுகிறது என்று சொல்பவருக்குச் சில நிமிடச் சோதனையைக்கூடச் செய்யாமல் காலர் மாட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். கழுத்தில் உண்மையிலேயே கோளாறு இருப்பவர்கள் சோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நல்ல மாத்திரை ஒன்று சொல்லுங்கள் டாக்டர்.

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

எப்லி முறையை வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா?

எந்தக் காது, எந்தக் குழாய் என்று ஒருமுறை உறுதியான பிறகு செய்யலாம். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

மறுபடி வருமா?

வரலாம். வைட்டமின் டி அளவைப் பாருங்கள். தென்கொரியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், குறைவாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டி-யும் கால்சியமும் கொடுத்தபோது மறுபடி வருவது குறைந்தது.

சலூனில் கழுத்தைச் சொடுக்கினால் சரியாகுமா? மாத்திரையும் சொல்லுங்கள்.

மாத்திரைக்குப் பதில் அதேதான். சொடுக்கு வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து இளைஞருக்கும் பக்கவாதம் வரலாம். தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்க முடியாமை, புதிதாகக் கடும் கழுத்துவலி என எது வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.