தட்டை மகளிடம் விட்டுவிடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 41 கிலோவுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. குண்டாகிவிடுவேன் என்று பயந்து தட்டைத் தள்ளுகிறாள். கணவர் அதட்டுகிறார், மாமியார் கண்ணேறு என்கிறார். வற்புறுத்தலாமா, விட்டுப் பிடிக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குண்டாகிவிடும் பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் அனோரெக்சியா என்ற நோய் போலத் தெரிகிறது. விட்டுப் பிடிக்கிற நேரம் இது இல்லை. அதட்டலும் பலிக்காது.

முதலில் இந்த வாரமே பாலக்காடோ பொள்ளாச்சியோ, அருகில் உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தாலோ, விழித்திருக்கும்போதே துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ அன்றே சேர்த்துவிடுங்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் பாஸ்பேட் இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். அதனால் எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் வீடு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை முறை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே பலன் தருகிறது. எடை ஏறும்வரை என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்வார்கள். நோயின் பிடியில் இருக்கும் அவளிடம் "என்னம்மா வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். புட்டும் கடலையும் நேந்திரம்பழமும் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். "கஷ்டம்தான் கண்ணு, தெரியுது. ஆனா இது மருந்து" என்பதையே அலுக்காமல் சொல்லுங்கள். கலோரிக் கணக்கு, எடை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஒல்லி உடம்பு எதுவும் பேச்சில் வேண்டாம். அழுவாள், கோபப்படுவாள், அப்போதும் தட்டு அங்கேயே இருக்கட்டும். வாய்க்குள் திணிக்க மட்டும் கூடாது.

இதில் பெரும்பாலும் சறுக்குவது வீட்டுக்குள் ஆளுக்கொரு பேச்சு பேசுவதால்தான். நீங்கள் உறுதியாக நிற்கும்போது பாட்டி "பாவம், பாதி போதும்" என்றால் அன்றைய உழைப்பு வீண். மூவரும் முதல்நாள் இரவே பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போடட்டும், தப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பக்கம் நின்றால் போதும். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள், சேர்ந்து விளையாடினால் போதும்.

வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெற்றோர்மேல் பழிபோடாமல்தான் இந்தச் சிகிச்சையே தொடங்குகிறது. எடை தேறியபின் பொறுப்பை மெல்ல அவளிடமே திருப்பிக் கொடுப்போம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். வழிநடத்த மனநல மருத்துவர் ஒருவர் கூடவே வேண்டும். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

பள்ளியிலும் சொல்லிவிடுங்கள்: மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உடற்பயிற்சி (பி.டி.) வகுப்பில் ஓட்டம் வேண்டாம்.