டப்பாவின் அடியில் கிடக்கும் செப்புக்காசுகள்

அன்புள்ள ஐயா,

பொறையாரில் எங்கள் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். போன மாதம் பரணை ஒழித்தபோது அவருடைய பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே முழுக்க நாணயங்கள். வெள்ளி ரூபாய்கள் 1904, 1911, 1918, 1944 என்று பல வருடத்தவை. நகைக்கடையில் எடைபோட்டு வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். 1944க்கு மட்டும் பாதிதான் தருவார்களாம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818ஆம் வருடத்துக் காசு ஒன்றும் இருக்கிறது. அது லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் பார்த்த தம்பி, விற்றுத்தர ஆள் பிடித்துவிட்டான். அவர்கள் முன்பணம் கேட்கிறார்கள். மிச்சமெல்லாம் கறுத்துப்போன பொடிச் செப்புக்காசுகள். புளி போட்டுத் தேய்த்துக் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்கிறார் அம்மா. படங்கள் இணைத்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

எஸ்., பொறையார்

அன்புள்ள எஸ்.,

முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிப் புளியை நிறுத்துங்கள். செம்பின் மேல் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கல்ல. பல காலமாக உருவான படலம் அது. அடியிலிருக்கும் உலோகத்தை அதுதான் காக்கிறது. புளியின் அமிலம் பட்டால் படலம் போகும், கூடவே ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த எழுத்தும் போகும். அதற்குப் பிறகு காசு பளபளக்கும், ஆனால் யாராலும் வாசிக்க முடியாது.

அடுத்தது தம்பி. ராமர் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிக்கவே இல்லை. சாமி படம் போட்டுக் கம்பெனி பெயரில் பின்னாளில் யார் யாரோ அடித்துவிட்டவை அவை. பூஜையறையில் தாராளமாக வைக்கலாம், லட்சம் வராது. முன்பணம் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம். பழைய நாணயம் வாங்குகிறோம், விற்கிறோம் என்று கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

நகைக்கடைக்காரர் 1944 பற்றிச் சொன்னது சரிதான். ரூபாயில் ஏறத்தாழ 92 சதவீதமாக இருந்த வெள்ளியைப் போர்க்காலத்தில், 1940இல், பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் தராசுக்கு 1911உம் 1918உம் ஒன்றுதான், இரண்டும் 11.66 கிராம். அந்த 1911ஐத் தனியே எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கிமேல் உள்ள ஆரத்தில் சின்னதாக ஒரு யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகிப்போய்ப் பன்றி மாதிரித் தெரிகிறது என்று அன்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அடித்ததில் பெரும்பகுதியை வெளியே விடாமலே உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றே அதைத் தேடுகிறார்கள். எடைக்குப் போடாதீர்கள்.

இனி, நீங்கள் ‘மிச்சம்’ என்று ஒதுக்கியவை. என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அவைதான். மூன்றாவது படத்தில் இடது ஓரம், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய காசு ஒன்று. பெரிதாக்கிப் பாருங்கள். மேலே கிரீடம், கீழே ஆங்கில ‘சி’ எழுத்து, அதன் வயிற்றுக்குள் 7. டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை அது. அவர் ஆண்டது 1766 முதல் 1808 வரை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடி அன்று டேனியர் கையில் இருந்தது. 1620இல் வந்தவர்கள் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் காசு கப்பல் சரக்குக்கு அல்ல, கீரைக்கும் உப்புக்கும் கைமாறியது. மறுபக்கத்தில் ரோமன் எண்ணும் ‘காஸ்’ என்ற சொல்லும் இருக்கும்; நம் காசுதான் அது.

அதே படத்தில், சற்றுத் தடித்த காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம் தெரிகிறது. மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தும் இருந்தால், ராஜராஜன் பெயர் பொறித்த சோழக் காசு. இவை ஏராளமாகக் கிடைப்பதால் சந்தையில் பெரிய விலை இல்லை. அதனாலேயே உண்டியலுக்குப் போய்விடுகின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சங்ககால அரசர்கள் நாணயம் வெளியிட்டார்களா என்றே ஒருகாலத்தில் ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். எண்பதுகளில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, வியாபாரிகளிடம் வாங்கிய செப்புக்காசுகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு சதுரக் காசில் குதிரை உருவத்தோடு தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயரைப் படித்தார். அதையும் யாராவது பழைய செம்பு விலைக்குப் போட்டிருக்கலாம்.

ஆகவே டப்பாவைப் பிரிக்காதீர்கள். பொறையாரில் ஒரு கடைக்காரர் சேர்த்தவை என்ற விவரத்தோடு சேர்ந்திருக்கும்போது அவை சொல்லும் செய்தி, தனித்தனியே பிரித்தால் கிடைக்காது. ஒவ்வொன்றையும் காகித உறையில் போடுங்கள்; சாதாரண பிளாஸ்டிக் கவர் நாளடைவில் செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். எடையை உறைமேல் எழுதுங்கள். கல்லாவில் வந்தவையா, நிலத்தில் கிடைத்தவையா என்று அம்மாவிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். மண்ணிலிருந்து புதையலாக எடுத்தவை என்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தரங்கம்பாடியின் டேனியக் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே, டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்குமுன் அந்தச் சின்னக் காசின் மறுபக்கத்தைக் காலை வெயிலில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதில் இருப்பது நான்கா பத்தா என்று தெரிய வேண்டும்.