அலாய் வீல் சிராய்ப்பு: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியிருக்கிறேன். 15 அங்குல அலாய் வீல். பிளாட்பாரக் கல்லில் உரசி, இடது பக்க வீல்கள் இரண்டின் விளிம்பும் சொரசொரப்பாக இருக்கிறது. ஓரிடத்தில் பெயின்ட் உப்பி, அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஸ்ப்ரே கேன் வாங்கி நானே அடித்துவிடலாமா? – கடலூர் வாசகி

பதில்: அடிக்கலாம். பொறுமையும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால், இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்குச் செய்துவிடலாம். ஆனால் கேன் வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் வீல் எந்த வகை என்று பாருங்கள்.

வெயிலில் நிறுத்தி வீலின் முகத்தைக் கிட்டத்தில் கவனியுங்கள். பளபளப்பான பரப்பில், இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய வட்டக்கோடுகள் தெரிந்தால் அது டயமண்ட் கட். லேத்தில் கடைந்த வெற்று அலுமினியத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு மட்டுமே பூசியிருப்பார்கள். எந்த ஸ்ப்ரேயாலும் அந்தத் தோற்றம் வராது. அதற்கென்று லேத் வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் கொஞ்சம் போய்விடும் என்பதால் அதையும் அடிக்கடி செய்ய முடியாது. கோடுகள் இல்லாமல் ஒரே சீரான சில்வரோ சாம்பல் நிறமோ என்றால் அது பெயின்ட் அடித்த வீல். தைரியமாக இறங்கலாம்.

அடுத்தது, அடி எவ்வளவு ஆழம் என்பது. டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்குகிறதா? வேகம் கூடும்போது ஸ்டியரிங் உதறுகிறதா? அப்படியானால் வீல் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். வீட்டில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான அலாய் வீல்கள் சிலிக்கனும் சிறிது மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை அச்சில் வார்த்து, ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து உறுதியேற்றப்பட்டவை. சாலையோரத்தில் கேஸ் பர்னரால் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த உறுதி அந்த இடத்தில் போய்விடும். விரிசலைப் பட்டி வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது. அந்த வீலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெறும் உரசல்தான் என்று உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு வீலாகக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். காரை ஜாக்கி மேல் நிறுத்திவைக்க வேண்டாம். ஷாம்புவும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். தார்ப் பிசுக்கைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

முக்கால்வாசி வேலை உப்புத்தாளில்தான் இருக்கிறது. உரசிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை 120 நம்பர் தாளால் தேய்த்து, அடுத்து 240, பிறகு 400 என்று போங்கள். காயத்தை மட்டும் தேய்த்தால் போதாது. சுற்றியுள்ள பழைய பெயின்ட்டின் ஓரமும் சரிவாக இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். படிபோல ஏதாவது தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். இங்கே விட்ட படி, பெயின்ட் அடித்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

நீங்கள் சொல்லும் வெள்ளைப் பூப்பு, பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து பரவும் அரிப்பு. உப்புக்காற்று அடிக்கும் உங்கள் ஊரில் இது சீக்கிரம் வரும். கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம்வரை உரித்துவிடுங்கள். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் புதுப் பூச்சுக்கு அடியில் மறுபடி கிளம்பும். இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தொடாதீர்கள், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருக்கறை விடும்.

நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் அலுமினியத் தூள் கலந்த எபாக்சி பட்டியை மெல்லிசாக வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி கேட்கும் பள்ளத்தை நான் வீட்டு வேலையில் சேர்க்க மாட்டேன்.

டயரில் பெயின்ட் படாமல் இருக்க மாஸ்கிங் டேப்போடு போராட வேண்டாம். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பழைய விசிட்டிங் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறினாற்போல ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சுற்றிலும் செருகிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிச் செருகினாலும் போதும். ரிம்மின் விளிம்பு முழுசாக வெளியே தெரியும், டயர் மறைந்துவிடும். நட்டு உட்காரும் குழிகளையும், ஹப்பில் (காரில் வீல் மாட்டும் நடுப்பகுதி) பதியும் பின்பக்கத்தையும் கண்டிப்பாக மூடுங்கள். அங்கே பெயின்ட் படிந்தால் அது நசுங்கி, நட்டு தளரும்.

தேய்த்த அலுமினியத்தின் மேல் உடனே ஆக்சைடு படலம் வந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். வெற்று உலோகம் மட்டும் என்றால் எட்ச் பிரைமர். பட்டி வைத்த இடம் இருந்தால் எபாக்சி பிரைமர், ஏனென்றால் அமிலம் கலந்த எட்ச் பிரைமர் பட்டியோடு ஒத்துப்போகாது. காய்ந்ததும் 600 நம்பர் தாளால் தண்ணீர் தொடாமல் லேசாகத் தடவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்றில் கிளியர் கோட் பால்போல வெளுத்துவிடும். பனி விலகிய காலை, நிழல், காற்றோட்டம் இருந்தால் போதும். பெயின்ட் கேனை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வீலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, நடுவே பத்து நிமிடம். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். சில்வரிலேயே பல சாயல் உண்டு. அட்டையில் அடித்துக் காயவைத்து, வீலோடு ஒட்டிப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மேலே இரண்டு மூன்று பூச்சு கிளியர். ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கிளியர் உறுதியானதுதான், ஆனால் அதன் ஐசோசயனேட் புகை நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் தடுக்காது. வீட்டுக்குச் சாதாரண அக்ரிலிக் கிளியரே சரி.

ஒரு நாள் காயவிட்டு, டயருக்குச் சரியான அளவு காற்று அடித்த பிறகு மாட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, உங்கள் காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். பூச்சு முழுசாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். விடும்போதும் வீலுக்கு ஆசிட் போட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.