ஒன்பதாம் வகுப்பில் எத்தனை ஏபி?

வணக்கம் அக்கா,

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அல்ஜீப்ரா 1 எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. பாடத்தேர்வுப் படிவத்தில் ஆறு பீரியட். கோடையில் ஜியோமெட்ரியை முடித்து, முதல் வருஷமே இரண்டு ஏபி (கல்லூரித் தரப் பாடம்) எடுத்தால்தான் யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) இடம் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. யூசி கணக்கிடும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் எடுக்கும் ஏபிக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. அதன் பிறகும் மொத்தம் எட்டு செமஸ்டர்களுக்குத்தான் அந்தப் புள்ளி. அதிலும் பத்தாம் வகுப்புக்கு நான்குதான்.

அதற்காக ஒன்பதாம் வகுப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யூசி சேர்க்கைக்குக் கேட்கும், ஏ-ஜி எனப்படும் 15 பாடங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். டி எடுத்தாலும் பள்ளி டிப்ளமாவுக்குச் சேர்த்துக்கொள்ளும், யூசி ஏற்காது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் பிறகு கோடை வகுப்புக்கு அலைகிறார்கள். 15இல் 11 பாடங்கள் பதினொன்றாம் வகுப்புக்குள் முடிந்திருக்கவும் வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்கின்றன.

கணக்குக்கு வருகிறேன். இப்போது ஜியோமெட்ரி எடுத்தால் பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி கால்குலஸ். பொறியியலுக்கே இது போதும். கோடையில் ஒரு வருஷப் பாடத்தைச் சில வாரங்களில் அடைத்தால் முதலில் அடிபடுவது நிரூபணமும் ஒத்த முக்கோணங்களும். திரிகோணமிதி முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஓட்டை ப்ரீகால்குலஸில்தான் தெரியும். கணக்கில் அவளுக்கு உண்மையாகவே பசி இருந்தால் மட்டும் கோடை வகுப்பை யோசியுங்கள். ஜியோமெட்ரியைத் தாண்டிக் குதிக்க மட்டும் வழியில்லை. யூசி அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. பள்ளி அவளைத் தவறான கணக்கு வகுப்பில் போட்டுவிட்டால் முதல் மாதத்துக்குள்ளேயே பேசுங்கள். அந்த மாதத்தில் ஒருமுறை நிலையைச் சரிபார்க்கவேண்டும் என்று 2015இல் வந்த மாநிலச் சட்டமே சொல்கிறது.

இன்னொரு நீண்ட சங்கிலி, மொழி. ஒரே மொழியில் இரண்டு வருஷம் கட்டாயம், மூன்று நல்லது. ஸ்பானிஷ் 1ஐ இப்போதே தொடங்குங்கள்; நடுவில் ஒரு வருஷம் விட்டால் பாதி மறந்துபோகும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பதை மொழிப்பாடமாகக் காட்ட நினைத்தால், உங்கள் கல்வி மாவட்டம் அதற்கு கிரெடிட் தருமா என்று பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக ஆறு பீரியட்: இங்கிலிஷ் 9, ஜியோமெட்ரி, பயாலஜி, ஸ்பானிஷ் 1, உடற்பயிற்சி, ஒரு கலைப்பாடம். வரலாறு பெரும்பாலும் பத்திலும் பதினொன்றிலும் வந்துவிடும். கலையில் கவனம்: ஒரு செமஸ்டர் நாடகம், ஒரு செமஸ்டர் ஓவியம் என்று பிரித்தால் செல்லாது, இரண்டும் ஒரே பிரிவில் இருக்கவேண்டும். அவள் கேட்டால் இங்கிலிஷையோ பயாலஜியையோ ஹானர்ஸாக (அதே பாடத்தின் கடினமான வகுப்பாக) மாற்றலாம். ஒன்று போதும்.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் யூசியின் ஏ-ஜி பாடப்பட்டியல் தளத்தில் உங்கள் பள்ளியின் பெயரைத் தேடி, ஒவ்வொரு பாடத்தின் தலைப்பையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத பாடம் என்றால் கவுன்சிலரிடம் உடனே மாற்றச் சொல்லுங்கள். ஆகஸ்டில் போய்க் கேட்டால் வகுப்புகள் நிரம்பியிருக்கும்.