கரையில் இறங்கலாமா? – கடிதம்

வணக்கம்,

பெருவில் இக்கிட்டோஸிலிருந்து சிறு படகில் அமேசான் காட்டுக்குள் போகும் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்யப்போகிறோம். நடுவில் ஆற்றங்கரைக் கிராமங்கள் சிலவற்றில் இறங்க வேண்டியிருக்கும். "காட்டை மட்டும் பார்ப்போம், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கேமராவோடு போய் நிற்பது அசிங்கம்" என்கிறார்கள் கூட வருபவர்கள். எனக்கும் உறுத்துகிறது. கிராமமே இல்லாத பயணமாகத் தேடுவதுதான் சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் அதற்காகக் கிராமங்களைத் தவிர்க்காதீர்கள். இறங்குங்கள்.

இக்கிட்டோஸிலிருந்து கிளம்பும் சாலை சுமார் 100 கிலோமீட்டர் ஓடி நௌட்டா என்ற ஊரில் முடிந்துவிடும். அதற்கப்புறம் எல்லாமே ஆறுதான். நௌட்டா அருகே மாரன்யோனும் உக்காயாலியும் கலந்து அமேசானாகின்றன. அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பது பக்காயா-சமீரியா இயற்கைக் காப்பகம், 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதற்குள்ளும் விளிம்பிலும் ஊர்கள் இருக்கின்றன. பலவற்றில் வாழ்பவர்கள் குக்காமா என்ற பழங்குடி மக்கள்.

அங்கே மரக்கட்டைகளின் மேல் வெயில் காயும் தாரிக்காயா ஆமைகளைப் பார்ப்பீர்கள். கறிக்கும் முட்டைக்குமாகப் பிடித்துப் பிடித்து அருகிப்போனவை அவை. இன்று மறுபடி பெருகியிருக்கின்றன என்றால் அதில் ஊர்க்காரர்களின் கை இருக்கிறது. ஆற்று மணலில் முட்டைகளைத் தேடி எடுத்து, வெள்ளம் எட்டாத செயற்கை மணல் திட்டுகளில் புதைத்துக் காவல் காத்து, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். ஒரு பங்கை அரசு அனுமதியோடு விற்கவும் செய்கிறார்கள். காட்டை மட்டும் பார்ப்போம் என்றால் இவர்களை எங்கே வைப்பது?

ஆறு அங்கே வருடத்துக்குள் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் துடுப்புப் படகில் மரக்கிளைகளுக்கு நடுவே போகலாம். தண்ணீர் குறைந்த மாதங்களில் அண்ணாந்து பார்க்க வேண்டிய கிளை உங்கள் தோளை உரசும். அந்த அனுபவத்துக்காகவே போகலாம் என்பேன். அதே தண்ணீர்தான் கிராமத்து வீடுகளின் தரைக்கு அடியில் வந்து நிற்கும். தூண்களின் மேல் வீடு கட்டியிருப்பது அதற்காகத்தான். நீர் வடிந்ததும் வெளிப்படும் வண்டல் சேற்றில் நெல் விதைப்பார்கள். ஆற்றைப் படித்து வாழ்பவர்களின் அறிவு அது. அதை வறுமை என்று படம் எடுத்துப்போகும் பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

துயரமும் இருக்கிறது, அது வேறு. மாரன்யோன் பக்கம் எண்ணெய்க் குழாய் போகிறது. குனினிக்கோ என்ற குக்காமா ஊரில் 2014-இல் எண்ணெய் கசிந்தது, 2022 செப்டம்பரில் மறுபடியும். குடிநீரும் மீனும் போயின. அந்த நவம்பரில் ஊரார் வெளிநாட்டுப் பயணிகளும் இருந்த ஒரு படகை நிறுத்திவைத்தார்கள். அரசு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மறுநாள் விட்டுவிட்டார்கள். 2024 மார்ச்சில், குக்காமா பெண்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், மாரன்யோன் ஆற்றுக்கே உரிமைகள் உண்டு, மாசில்லாமல் ஓடும் உரிமையும் அதில் ஒன்று என்று நௌட்டா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் பார்க்கப்போவது இவர்களைத்தான். வாசலில் பரிதாபமாக நிற்கும் யாரையோ அல்ல.

சரி, எப்படி இறங்குவது? நாலு ஊரில் அரைமணி அரைமணியாக இறங்குவதைவிட ஒரே ஊரில் அரை நாள் இருப்பது எவ்வளவோ மேல். அரைமணியில் ஆட்டமும் விற்பனையும் மட்டும்தான் நடக்கும். அரை நாள் இருந்தால் யாராவது மரவள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள், மீன் வலை பற்றிப் பேசுவார்கள். சம்பீரா பனை நாரில் பின்னிய பைகளைப் பின்னியவரிடமே வாங்குங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் விநியோகம் வேண்டாம். யாராவது ஸ்லாத் (மரத்தில் தொங்கியபடி மெல்ல நகரும் விலங்கு) போன்ற ஒரு காட்டு விலங்கைப் படத்துக்காகக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். வாங்கினால் அடுத்த வாரம் இன்னொன்றைப் பிடித்து வருவார்கள்.

பதிவு செய்யும் முன் படகுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஊரில் இறங்குகிறோம்? அந்த ஊருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், யார் கையில்? வருவதற்கு ஊர்க்கூட்டம் சம்மதித்திருக்கிறதா? தெளிவாகப் பதில் வந்தால் நம்பிப் போங்கள். மழுப்பினால் வேறு படகு பாருங்கள்.