அடைப்புக்குறிக்குள் இருப்பது செல்லப் பெயரா, பிறந்த வீட்டுப் பெயரா?

முழுப் பெயரைச் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று துண்டாக்கும் பைதான் லைப்ரரியான நேம்பார்சரை வைத்துப் பெயர்ப் பட்டியல் பிரிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, 'ஆங்கெலா மெர்க்கல் (காஸ்னர்)' என்று கொடுத்தால் காஸ்னர் நிக்நேமில் (செல்லப் பெயரில்) போய் விழுகிறது. இது பக்தானா, நிரலில் பிழையா?

பதில்: பக் இல்லை தம்பி. அடைப்புக்குறியோ இரட்டை மேற்கோளோ, உள்ளே இருப்பதைச் செல்லப் பெயர் என்றுதான் அந்த லைப்ரரி எடுக்கும். ட்வைட் "ஐக்" ஐசனோவருக்கு அது சரிதான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் பலர் அதே அடைப்புக்குறியில்தான் போடுகிறார்கள், குறியை மட்டும் பார்த்து எந்த நிரலும் சொல்லிவிட முடியாது. உள்ளே 'பிறந்த பெயர்' என்று காட்டும் பிரெஞ்சு 'நே' (née), ஜெர்மன் 'கெப்.' (geb.) மாதிரி அடையாளச் சொல் இருந்தால் மெய்டன் நேம், அதாவது பிறந்த வீட்டுப் பெயர், என்று தனி நெடுவரிசையில் போடுங்கள். இல்லையென்றால் ஊகிக்க வேண்டாம், அந்த வரியை ஒரு ஆள் பார்க்கட்டும்.

கேள்வி: 'ஆங்கெலா மெர்க்கல், கெப். காஸ்னர்' என்று வந்தால் மொத்தமும் குழம்புகிறதே?

பதில்: கமாவைப் பார்த்ததும் முன்னால் இருப்பது முழுக்கக் குடும்பப் பெயர், பின்னால் வருவது சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. பார்சருக்கு அனுப்பும் முன்பே கமாவோடு சேர்த்து அந்தத் துண்டை ரெஜெக்ஸால் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதியால்) வெட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம், 'நே'யில் வரும் மேல்குறி எழுத்து (é) யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், எழுத்தும் குறியும் தனித்தனியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சிக்கு (NFC) மாற்றாமல் ஒப்பிட்டால் பாதி வரிகள் சத்தமில்லாமல் தப்பிவிடும்.

கேள்வி: ரூத் பேடர் கின்ஸ்பர்க்கில் பேடர் மிடில் நேமில் வருகிறது. நடுவில் குடும்பப் பெயர் மாதிரி ஒன்று இருந்தால் மெய்டன் என்று வைத்துக்கொள்ளலாமா சார்?

பதில்: கூடவே கூடாது. பேடர் அவர் பிறந்த வீட்டுப் பெயர்தான், சாண்ட்ரா டே ஓகானரில் 'டே'யும் அப்படித்தான். ஆனால் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடியைப் பாருங்கள், ஃபிட்ஸ்ஜெரால்ட் அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அவருக்கோ அது வெறும் மிடில் நேம். எழுத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, படிவத்தில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரத்தில் ஒரே நோயாளிக்குப் பல பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அஃபிஷியல், மெய்டன், நிக்நேம் என்று பயன்பாட்டைக் குறிக்க இடம் இருக்கிறது. எனக்குப் பிடித்த முறை அதுதான். கல்யாணத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட் வேறு யாருடையதோ போல ஒரு பெண்ணின் கோப்பிலிருந்து விலகிக் கிடக்கக் கூடாது.

கேள்வி: பில் என்றால் வில்லியம், பெக்கி என்றால் மார்கரெட் என்று மாற்றிச் சேமிக்கலாமா?

பதில்: தேடலுக்கு மட்டும் அந்த அட்டவணையை வையுங்கள், சேமித்ததைத் தொடாதீர்கள். அமெரிக்க அதிபராக ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் 1977இல் பதவிப் பிரமாணமே ஜிம்மி கார்ட்டர் என்றுதான் எடுத்தார், அவர் எழுதிக் கொடுத்த பெயரை உங்கள் நிரல் திருத்தலாமா?