கடைசி நாட்களில் சிகிச்சையும் ஷரீஅத்தும்: கேள்வி பதில்

கே: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். நானும் மருத்துவர்தான். புற்றுநோய் முற்றியவருக்கு வலியைப் போக்கும் மார்ஃபின் எழுதும்போதெல்லாம், மூச்சு நின்றுவிட்டால் கொலைப் பாவம் சேருமோ என்று பயமாக இருக்கிறது.

ப: வஅலைக்கும் ஸலாம். உங்கள் நிய்யத் (மனதிலுள்ள எண்ணம்) என்ன என்பதை நீங்கள் எழுதும் அளவே சொல்லிவிடும். ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) பழக்கமில்லாதவருக்கு வாய்வழி 2.5 முதல் 5 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் வலி கிளம்பினால், அன்றைய மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை. மறுநாள் அந்தக் கூடுதலையும் சேர்த்துக் கணக்கிட்டு ஏற்றுங்கள். இப்படிப் படிப்படியாகப் போனால் மூச்சு அடங்குவது அரிது. அதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடி எச்சரித்துவிடும். தப்பு நடப்பது பெரும்பாலும் சிறுநீரகம் பழுதானவரிடம்: மருந்தின் கழிவுப் பொருள் உடலில் தேங்கி, கைகால் வெட்டி இழுக்கும். அங்கே அதே வகையைச் சேர்ந்த ஃபென்டனில் மேல். மலமிளக்கியை முதல் நாளே தொடங்குங்கள்.

வலிக்கு வேண்டியதைக் கொடுப்பது சிகிச்சை. உயிர் போகட்டும் என்று அதற்கு மேல் ஏற்றுவது, நோயாளியே கெஞ்சினாலும், ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது).

கே: வென்டிலேட்டரை எடுக்க மார்க்கத்தில் இடமுண்டா? குடும்பத்தார் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்கிறார்கள்.

ப: எந்த நிலையில் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூளைச்சாவு என்றால், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) அகாடமி அதை மரணமாகவே ஏற்றது. கருவியால் இதயம் துடித்தாலும் எடுக்கலாம். 1987இல் மக்காவின் ஃபிக்ஹு கவுன்சிலும் எடுக்க அனுமதித்தது. ஆனால் துடிப்பும் மூச்சும் முழுதாக நின்ற பிறகே மவ்த் (மரணம்) என்றது. ஆகவே இந்த இரண்டுக்கும் வேறுபாடு எடுப்பதில் இல்லை, மரண நேரத்தில்தான். இத்தாவும் (கணவனை இழந்தவள் காத்திருக்கும் காலம்) வாரிசுரிமையும் அந்த நேரத்தைப் பொறுத்தவை. குறிப்பேட்டில் கவனமாக எழுதுங்கள்.

மூளை இயங்குகிறது, ஆனால் மீள வழியில்லை என்ற நிலை வேறு. சவூதி ஃபத்வா குழுவின் 12086ஆம் ஃபத்வா, நம்பகமான மூன்று நிபுணர்கள் ஒத்துச் சொன்னால் நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி தேவையில்லை என்கிறது. மூவரின் கருத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். குடும்பத்திடம் "இனி ஒன்றும் செய்ய மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலி, மூச்சுத்திணறல், வாய் வறட்சி எல்லாவற்றுக்கும் மருத்துவம் தொடரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கே: நான் செவிலியர். தண்ணீரை நிறுத்தினால் தாகத்தில் சாகடித்த மாதிரி ஆகாதா?

ப: உணவும் நீரும் அடிப்படை உரிமை என்பதே பல ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) நிலை, கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் கடைசி நாட்களில் உடல் அதை ஏற்பதில்லை. ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக் கால் வீங்கும். தோலடியில் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். வீக்கம் கண்டால் நிறுத்துங்கள். உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனையுங்கள், தாகம் அங்கேதான் தெரியும்.

கே: அத்தாவுக்குச் சிறுநீர்ப் பை மாட்டியிருக்கிறது. தொழலாமா?

ப: தாராளமாக. உளூ (தொழுகைக்கு முன் நீரால் கழுவுதல்) முடியாவிட்டால் தயம்மும் (நீருக்குப் பதில் மண்ணால் செய்யும் சுத்தம்), எழ முடியாவிட்டால் படுத்தபடியே சைகையால். இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பிரிவுகள்) வேறுபடும், உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். மயக்க மருந்து தொடங்குவதாக இருந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே அத்தாவிடம் மருத்துவர் சம்மதம் வாங்கட்டும்.

கே: ஸக்ராத்தில் (உயிர் பிரியும் நேரத்தில்) கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்) சொல்லிக்கொடுப்பது மருத்துவர் வேலையா?

ப: முஸ்லிம் நோயாளி, பக்கத்தில் யாரும் இல்லை என்றால் சொல்லுங்கள். காதருகே மெதுவாக ஒருமுறை; அவர் சொல்லிவிட்டால் மறுபடி வேண்டாம், வேறு பேச்சு பேசினால் மட்டும் இன்னொருமுறை. "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று நெருக்காதீர்கள். மவ்த்தான பிறகு சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுங்கள். அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது.